உப்பு, கரி, ஒரு குடம் தண்ணீர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தெய்வசிகாமணி கெட்டிக்காரர்தான். அதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவருக்கும் கிடையாது, வம்பே அங்கேதான் இருந்தது. பதினெட்டு வருடமாக மணலூர்பேட்டையிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் ஜனங்கள் அவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாதிப் பேருக்குப் போனிலேயே வைத்தியம் சொல்லி முடித்துவிடுவார். ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகு. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா, எர்த் வீக்காக இருக்கும், குழியில் தண்ணீர் ஊற்று. இந்தக் கடைசி யோசனையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்கு தெரியாது. சொன்ன இடத்தில் எல்லாம் பலித்துத்தான் இருந்தது.

மாசி மாதக் கடைசியில் மலர்விழி வந்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே போகிற ஒரு சின்ன ஊர் அவளுடையது. சிபியுவைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மலை வளைவுகள் அத்தனையும் பேருந்தில் இறங்கி வந்திருந்தாள். யாரோ இறக்கிவைக்க உதவிக்கு வந்தபோதுகூட விடவில்லை. தானே தூக்கி மேசை மேல் வைத்தாள்.

"கேம் ஆடும்போது மட்டும் ஆஃப் ஆயி ஆன் ஆவுது சார். பாட்டு கேட்டா ஒண்ணும் ஆவல, படம் பாத்தா ஒண்ணும் ஆவல. ஆட ஒக்காந்தா பத்து நிமிசம். டப்புனு போய்டுது."

"யாரு ஆடறது, புள்ளைங்களா?"

"வூட்டுக்காரரு."

சிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேல வெட்டி ஒண்ணும் இல்லியா அவருக்கு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்கக் கேட்டுப் பழகியிருந்தாள். இளமாறன் மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனவன். லாரி மேலிருந்து முதுகடியாக விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். பெங்களூரில் வேலை செய்கிற சிநேகிதன் ஒருவன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் வாய் திறந்து பேச ஆரம்பித்தான்.

"அதுல அவரு ஓடறாரு சார்," என்றாள். "தாவறாரு, மாடியெல்லாம் ஏறாரு. அஞ்சு பேரு ஒரு டீமு. பாதியில இது ஆஃப் ஆயிட்டா மத்த நாலு பேரும் தோத்துடறாங்க. இன்னும் ரெண்டு வாட்டி இப்படி ஆச்சின்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்களாம். அன்னிக்கெல்லாம் சோறே துண்ணல."

சிகாமணி சிரித்ததற்கு வெட்கப்பட்டார். வெட்கப்பட்டதால் வேலையை ஒழுங்காகச் செய்தார். தூசி தட்டினார், பிராசசருக்குப் புதுப் பேஸ்ட் வைத்தார், பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார். அதே ஆட்டத்தைப் போட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டார். பெட்டி அசையவில்லை. அவள் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள், இரண்டாம் நாள் போன் வந்தது. அதே கதை. அடுத்த வாரம் மறுபடி மடியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். இந்த முறை ரேமை மாற்றினார், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார், காலையிலிருந்து கடை சாத்தும் வரை ஓடவிட்டார். ஒரு முறைகூட நிற்கவில்லை. ஒரு இயந்திரம் தன்னை ஏய்க்கிறது என்று தோன்றிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்று இறங்கவில்லை.

"பொட்டிக்கு ஒண்ணுமே இல்லம்மா. இங்க நல்லாதான் ஓடுது."

"அப்ப எங்க வூட்டுக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு போல சார்," என்று சிரித்தாள் அவள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பதினெட்டு வருட அனுபவசாலிக்குத் தோன்றாதது அவள் வாயில் வந்துவிட்டது. வீட்டுக்குத்தான் ஆகியிருந்தது. கரண்டை அளக்கிற மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை மேலே போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். சிகாமணியும் "ஒரு நாள் வர்றேம்மா" என்றார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, அந்த வளைவுகளில் வண்டியை உருட்டிக்கொண்டு போய் வர ஒரு பகல் போய்விடும். கடையைப் பூட்ட வேண்டும். முதுகு வலிக்கும். ஒரு நாள் என்று சொல்கிறவர்களுக்கு அந்த நாள் வராது என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான் நடந்தது.

"பொட்டியத் தொட்டா அடிக்குதாம்மா?"

"ஆமா சார். சுருக்கு சுருக்குனு. மாமியா அந்தப் பக்கமே வர்றதில்ல."

"அதானே பாத்தேன். எர்த்து வீக்கு. வூட்டுக்குப் பின்னால ஒரு பைப்பு பொதச்சி அதுக்கு ஒயரு போவும் பாரு."

"கீது சார். குளிக்கிற எடத்துக்குப் பக்கத்துல."

"அதுல டெய்லி ஒரு கொடம் தண்ணி ஊத்து."

மறுநாள் சாயங்காலமே அவள் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். "சார், ஆஃப் ஆவல சார்! மூணு ஆட்டம் தொடர்ந்து ஆடிட்டாரு. இப்பதான் இன்னா கொழம்புன்னு கேட்டாரு, கேட்டு எத்தினி நாளாச்சி தெரியுமா!"

சிகாமணிக்குத் தலை கால் புரியவில்லை. டீக்கடையில் நான்கு பேரிடம் சொன்னார். இரண்டு முறை பெட்டியைப் பிரித்துப் போட்டும் பிடிபடாததை ஒரு குடம் தண்ணீரில் தீர்த்துவிட்டதாகப் பெருமையடித்தார். அந்த இடத்தில் அவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எர்த் என்பது ஆபத்து வந்தால் வேலை செய்கிற கம்பி; ஆபத்து இல்லாத நேரத்தில் அதற்கு வேலையே கிடையாது. அதில் தண்ணீர் ஊற்றினால் சுருக்கென்று அடிப்பது வேண்டுமானால் நிற்கலாம், கம்ப்யூட்டர் அணைவது எப்படி நிற்கும்? முதல் வருடம் ஐடிஐ படிக்கிறவன்கூடக் கேட்டுவிடுவான். ஆனால் வேலை முடிந்துவிட்டதே! முடிந்த வேலையைத் தோண்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பங்குனியில் ஒரு குடம் இரண்டு ஆனது. சித்திரையில் மூன்று ஆனது. மலையானாலும் வெயில் வெயில்தான். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் ஓடைப்பக்கம் போய்ச் சுமந்து வந்து ஊற்றினாள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் இந்த வேலை.

"மூணு கொடம் ஊத்தியும் ஒரு மணி நேரந்தான் சார் தாங்குது. இந்தத் தண்ணிய மொளகாச் செடிக்கு ஊத்தியிருந்தா இன்னேரம் சந்தைக்கே போட்டிருப்பேன்."

அந்தப் போன் வந்தபோது கடையில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். சிகாமணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு பேசினார். "வெறும் தண்ணி நிக்காதும்மா. பைப்பச் சுத்தி நோண்டி, கல்லுப்பும் அடுப்புக்கரியும் போடு. நல்லா கைய வுட்டு அழுத்தி நெரப்பு. அப்புறம் ஊத்து. மாசக்கணக்குல ஈரம் நிக்கும்."

"கைய வுட்டு அழுத்தணும். சரி சார்," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதன்பின் போன் வரவில்லை. போன் வராவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அந்தத் தொழிலில் அர்த்தம். சிகாமணி மறந்தும் போனார்.

வைகாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "இன்னாம்மா, ஆட்டமெல்லாம் எப்படிப் போவுது?" என்று எடுத்தார்.

"அண்ணா, நான் இளமாறன் பேசறேன். மலர்விழி வூட்டுக்காரன். மறுபடியும் ஆஃப் ஆவுதுண்ணா."

"உப்பு, கரி எல்லாம் போட்டீங்களா? தண்ணி ஊத்தறீங்களா?"

"ஊத்த ஆளில்லண்ணா."

"ஏன், அது எங்க? அம்மா வூட்டுக்குப் போயிருக்குதா?"

"செத்துடுச்சுண்ணா. இருபத்தி மூணு நாளாவுது. பூச்சி பட்டுடுச்சு."

அந்தப் பக்கத்தில் பாம்பின் பேரைச் சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். சிகாமணிக்கு முதலில் வெறும் வருத்தம்தான் வந்தது. அந்தச் சிரிப்பும், மடியில் பெட்டியும் கண்ணில் வந்து நின்றன. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பேச்சுக்காகத்தான் அடுத்ததைக் கேட்டார்.

"எங்க வெச்சிப்பா?"

"பின்னாலதான். எர்த்துக் குழிக்கிட்ட."

சிகாமணி கடையைப் பூட்டினார். பழுதுக்குக் கொடுத்தவர்கள் வந்து நிற்பார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. மூன்று மாதமாகப் போக முடியாத மலை அன்று ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. வழியெல்லாம் அவர் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டு போனார். பாம்பாக இருக்க வேண்டும். கடவுளே, பாம்பாகவே இருக்க வேண்டும்.

இரண்டு அறை வைத்த தொகுப்பு வீடு. கட்டிலை ஒட்டி, படுத்தவாக்கில் கை எட்டுகிற உயரத்தில் பலகை அடித்து மானிட்டரை வைத்திருந்தார்கள். இளமாறனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். தாடி வளர்ந்திருந்தது. அவன் அம்மா இருசம்மாள் வாசலில் நின்று, "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சிகாமணி பெட்டியைத் திறக்கவே இல்லை. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக் ஓட்டைக்குள் விட்டார். இருநூற்றுப் பத்து வோல்ட். "கேமப் போடுப்பா" என்றார். ஆட்டம் திறந்தது, எண் இறங்கியது. இருநூறு, நூற்றெண்பது, நூற்றைம்பது. மின்விசிறி சோர்ந்து சுற்றியது. மானிட்டர் ஒரு நொடி இருண்டு, பெட்டி மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. அவரை மாதக்கணக்கில் ஏய்த்த வியாதி, மீட்டரை வைத்த நான்காவது நிமிடத்தில் பிடிபட்டது.

வெளியே போய் மீட்டர் பெட்டிக்கு மேலே பார்த்தார். கம்பத்திலிருந்து இரண்டு கம்பிகள் வர வேண்டும். ஒன்றுதான் வந்தது. இன்னொன்று நடுவில் அறுந்து, சுருட்டிக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்ப அறுந்துச்சு?"

"கார்த்திகை மழையில கெளை ஒடிஞ்சி வுழுந்துச்சுங்க," என்றாள் இருசம்மாள். "ஒயரிங் வேலைக்குப் போற ஒருத்தரு இங்க இருக்காரு. அவருதான் அந்தப் பைப்பு ஒயர, அறுந்த கம்பிக்குப் பதிலா வூட்டு லைனோட முடிஞ்சி வுட்டாரு. கரெண்டாபீசுல எழுதிக் குடுத்து கம்பி மாத்திக்குங்கன்னு சொல்லிட்டுதான் போனாரு. லைட்டு எரிஞ்சிது. அப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டோம்."

சிகாமணிக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. கரண்ட் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போகிற கம்பி அறுந்ததால், வீட்டுக் கரண்ட் மொத்தமும் அந்தப் பைப் வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மண் காய்ந்த பிறகு விளக்கும் விசிறியும் எப்படியோ சமாளித்தன, அதிகம் இழுக்கிற ஆட்டப் பெட்டியால் முடியவில்லை. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவள் கரண்டுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே ஆடுகிற நேரத்தில், வெளியே அந்தப் பைப் உயிரோடு இருந்தது.

"மறுபடி ஆடுப்பா" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பைப்பிலும் மறு முனையை நாலடி தள்ளி மண்ணிலும் வைத்தார். தொண்ணூற்று நாலு வோல்ட் என்று காட்டியது. ஈரக்கைக்கு அது போதும். பைப்பைச் சுற்றிக் கரித்துண்டுகள் நெருக்கமாக, இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்பப்பட்டிருந்தன. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் சொன்னதைச் சொன்னபடியே செய்திருந்தாள்.

"எந்த எடத்துல கடிச்சிருந்துச்சு?" என்று கேட்டார்.

"சோத்தாங்கை உள்ளங்கையில. கருப்பா ஒரு பொட்டாட்டம் இருந்துச்சு. அத வெச்சிதான் பூச்சின்னு சொன்னாங்க. மறுநாளே எடுத்துட்டோம்," என்றாள் இருசம்மாள்.

சிகாமணி மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு அப்படியே இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு உள்ளே போனார்.

"கரெண்டு போச்சாண்ணா?"

"நான்தான் எடுத்தேன்."

இளமாறன் ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்கு வேறொன்று நெஞ்சில் கிடந்தது. இருபத்து மூன்று நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, முன்பின் தெரியாத மனிதரிடம் கொட்டினான்.

"அன்னிக்கி ஆரம்பத்துல ரெண்டு வாட்டி ஆஃப் ஆச்சிண்ணா. நான் அவளப் பாத்துக் கத்திட்டேன். ஒரு கொடம் தண்ணிய ஒழுங்கா ஊத்தத் தெரியலியான்னு. உப்பு, கரியெல்லாம் எடுத்துக்கினு போனா. கொஞ்ச நேரத்துல ஜம்முனு ஓட ஆரம்பிச்சிடுச்சி. ஆஃப்பே ஆவல. மலரு, சரியாயிடுச்சுடின்னு இங்க இருந்தே சொன்னேன். பதிலு வரல. கத்துனதுக்குக் கோவமா இருக்கான்னு நெனச்சேன். காதுல ஹெட்போன் வேற. ஒண்ணரை மணி நேரம் ஆடிக்கினு இருந்தேண்ணா. அம்மா வந்துதான் பாத்துச்சி."

இருசம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பூச்சியக் கண்ணால பாத்தவங்க யாருமில்ல," என்றான். "அதான் மனசுல ஓடிக்கினே இருக்குது. அண்ணா, அந்தப் பைப்புல கரெண்டு இருக்குமா?"

அவன் முகத்தைப் பார்த்தார் சிகாமணி. எழுந்து நடக்க முடியாதவன். இதைச் சொன்னால் மிச்ச ஆயுசுக்கும் இந்தக் கட்டிலில் இதையும் கட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

"எர்த்துல ஏதுப்பா கரெண்டு? அது காப்பாத்தறதுக்குத்தான இருக்குது," என்றார்.

அவனுக்காகத்தான் பொய் சொன்னதாக ஒரு நொடி நம்பினார். மறுநொடியே அது நிற்கவில்லை. தன் பேர் இதில் வராமல் போவதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி ஓடியதை அவரே பார்த்துவிட்டார். தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

இளமாறன் நீளமாக மூச்சு விட்டான். இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு அது. "அப்ப சரிண்ணா. எனக்கு பயம், அதான் அம்மாவ அந்தப் பக்கமே போவ வுடல. யம்மா, அண்ணன் சொல்லிட்டாரு கேட்டியா? இனிமே நீயே டெய்லி ஒரு கொடம் ஊத்திடு."

இருசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படியிலிருந்து எவர்சில்வர் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். வெறும் கால். பீஸ் சிகாமணியின் சட்டைப்பையில்தான் இருந்தது. இன்று ஒன்றும் ஆகாது. நாளைக்கு யாராவது ஒரு துண்டுக் கம்பியைச் சொருகிவிட்டுப் போவார்கள், விளக்கு எரியும், இவன் ஆடுவான், இவள் ஊற்றுவாள்.

"ஊத்தாதீங்க!" என்றார் சிகாமணி. கத்தியே விட்டார். "அம்மா, கொடத்தக் கீழ வைங்க. நான் சொன்னது பொய்யி. அதுல கரெண்டு இருக்குது. இப்பகூட மீட்டர வெச்சிப் பாத்துட்டுதான் வந்தேன். பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி ஊத்தச் சொன்னது நானு. உப்பு, கரி போடச் சொன்னது நானு. கைய வுட்டு அழுத்துன்னு சொன்னதும் நான்தான். ஒரு வாட்டி மேல வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வரல. சோம்பேறித்தனம். வரல."

திட்டுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள், குடத்தால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார். அப்படி ஏதாவது நடந்தால் தேவலை என்றே இருந்தது. இருசம்மாள் குடத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எம் மருமவள, எம் மருமவள" என்று மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இளமாறன் இருண்டுபோன மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஆடாம இருந்திருந்தா?" என்றான்.

சிகாமணியால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "அவ்ளோ கரெண்டு வந்திருக்காது," என்றார்.

அவன் தலையை ஆட்டினான். அழவில்லை. போர்வைக்குள் கிடந்த காலைக் கையால் தூக்கி ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"மொத மொதல்ல அன்னிக்கித்தாண்ணா ஜெயிச்சோம்," என்றான்.